கமர் ஜஹான் திருப்பிக் கொடுத்த சூடு

1947 ஐப்பசியில் சாந்தோம் கடலின் சூடு முழுவதும் ராயப்பேட்டை கமர் ஜஹானின் உடம்புக்குள் வந்து சேர்ந்தது. அவள் கணவன் ஹபீபுர் ரஹ்மான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ரங்கூன் போகும் வழியில் மூழ்கிவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. சேதி வந்த அன்று அவள் கடலில் முழங்காலளவு இறங்கி, "அவரைக் குடுக்க முடியலேன்னா வேற எதுனா குடு" என்று கேட்டாள். கடல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. வீடு வந்து சேர்வதற்குள் அவளுடைய ஈரப் புடவை உலர்ந்துபோயிற்று. கணவன் பக்கத்தில் படுத்திருப்பதைப் போன்ற கதகதப்பில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கடலோ சில்லிட்டுப் போனது. வலை இழுத்தவர்கள் விரல் விறைத்துக் கரையேறினார்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பவில்லை, மேகம் கட்டவில்லை, ஐப்பசியும் கார்த்திகையும் வெயிலிலேயே கழிந்தன. அடுத்த வருஷமும் அப்படித்தான். மயிலாப்பூர் குளத்துக்குள் பிள்ளைகள் பந்தாடினார்கள். கொட்டிவாக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறியது. கமர் ஜஹான் வெறும் உள்ளங்கையால் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்ததால், மழை ஏன் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. "புருஷனைப் பறிகுடுத்தவ. அந்தச் சூட்டையும் போய் கேக்குறதா?" என்று குழாயடியில் பேசிக்கொண்டு, காலிக் குடத்தோடு திரும்பினார்கள்.

1949 புரட்டாசியில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு ஆனி டீச்சருக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி சுப்பம்மா வெந்நீர் கேட்டாள். வீட்டில் இருந்தது அரைக் குடம். கமர் ஜஹான் அதில் கையை விட்டதும் தண்ணீர் கொதித்தது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் குளிப்பாட்டியதோடு குடம் காலி. ஆனியின் உதடு வெடித்திருந்தது. கேட்டதற்கு, தாகமே இல்லை என்றாள்.

கமர் ஜஹான் அவள் அருகில் உட்கார்ந்தாள். "அவரு எனக்குன்னு வுட்டுட்டுப் போனது இந்தச் சூடு ஒண்ணுதான்க்கா."

"தெரியும் கமர். உன்னை யாரும் கேக்க மாட்டாங்க."

"அதான்க்கா தாங்க முடியல."

மறுநாள் காலை அவள் சாந்தோம் கடலில் கழுத்தளவு நின்றாள். சூடு முதலில் பாதங்களை விட்டது, பிறகு வயிற்றை விட்டது. கணவன் படுக்கும் பக்கமான இடது தோளை விட்டு இறங்க மட்டும் வெகுநேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடல்மேல் ஆவி பறந்தது. நடுங்கிக்கொண்டே வந்தவளை ஆனியின் வீட்டார் கம்பளியால் போர்த்தினார்கள். ஐப்பசி பிறந்ததும் வானம் கருத்து, ராயப்பேட்டையிலிருந்து அடையாறு வரை மழை வெளுத்து வாங்கியது. கமர் ஜஹான் ஜன்னலோரம் அழுதபடி அதைப் பார்த்தாள். ஆனி குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு வருஷாவருஷம் புரட்டாசியில் பாலவாக்கத்து மீனவர்கள் தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பாக இருந்தால், "ஹபீப் பாய் வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, கூரைக்குப் புது ஓலை போடப் போய்விடுவார்கள்.