விரல் முட்டிக்கு ஒரு பட்டன்

காட்டுப்பாக்கத்தில் இஸ்திரிக் கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. அதுதான் எங்கள் கம்பெனி. வெப்சைட் செய்து கொடுக்கிறோம். நான் சுவேதா, வடிவமைப்பு என் பொறுப்பு. புரோகிராம் எழுதுவது முகமது ஆசிக். பூந்தமல்லிக்காரன், கல்லூரியில் என் வகுப்பு. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் இரண்டு டியூஷன் சென்டர், ஒரு பியூட்டி பார்லர், ஒரு மாவு மில். பழவேற்காட்டிலிருந்து போன் வந்ததும் நான் நாற்காலியை விட்டுக் குதித்தே விட்டேன்.

அங்கே இருபது பெண்கள் சேர்ந்து மீன் விற்கிறார்கள். தலைவி சாமுண்டீஸ்வரி. படகு கரைக்கு வந்ததும் என்ன மீன், எத்தனை கிலோ என்று அவர் சைட்டில் போட வேண்டும். கொரட்டூர், ஆவடி அடுக்குமாடிக்காரர்கள் அதைப் பார்த்து புக் செய்ய வேண்டும். இதே வேலைக்குச் சிட்டியில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்றும் வரிசையில் நின்றது. யாருடையது கைக்கு ஒத்து வருகிறதோ அவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் இழைத்தேன். பளீர் வெள்ளை, அதில் கடல் நீலத்தில் மெல்லிய எழுத்து. ஏசி அறையில் பார்த்தால் அத்தனை அழகு.

முதல் முறை காட்டப் போனபோது பத்தரை மணி வெயில். சாமுண்டீஸ்வரி அக்கா தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே போனை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"யம்மா, இதுல என் மூஞ்சிதான் தெரியுது. எழுத்து எங்க கீது?"

"நெயலுக்கு வாங்கக்கா, சூப்பரா தெரியும்" என்றான் ஆசிக்.

"நான் நெயலுக்கு வந்துட்டா எடைய யாரு நைனா பாப்பாங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "மூஞ்சி பாக்க கண்ணாடி எங்க ஊட்லயே கீது!" மொத்தக் கரையும் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெயம அந்த கம்பினிக்காரங்க வராங்க. நீங்களும் வாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிடலாம்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் கிளம்பும்போது அக்காவுக்குப் போன் வந்தது. விரலை மடக்கி, முட்டியால் தட்டித்தான் எடுத்தார். மற்ற பெண்களும் அப்படித்தான்.

"டேய், அவங்க யாருமே வெரல் நுனியால போன தொடல. நுனியில செதில், தண்ணி. முட்டிதான் காஞ்சி கீது."

"அதுக்கின்னா இப்போ?"

"நம்ம பட்டன் எறும்பு சைஸ்ல கீதுடா!"

அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். "மொத்தத்தையும் கலைக்கணும்னு சொல்ற."

"கலைக்கிறோம்."

கலைத்தோம். கறுப்புப் பின்னணி, தடித்த மஞ்சள் எழுத்து. டைப் செய்ய எதுவுமில்லை. இறால், நண்டு, மடவை என்று பெரிய பெரிய படங்கள். படத்தைத் தட்டினால் ஒன்று, ஐந்து, பத்து என்று மூன்று பட்டன், கீழே 'அழி'. அவ்வளவுதான்.

அடுத்தது சோதனை. பூந்தமல்லி மார்க்கெட்டில் இரண்டு கிலோ மடவை வாங்கி, உச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு ஏறினோம். நான் மீனை உரசி உரசிச் செதில் எடுப்பேன், அதே கையை மடக்கிப் போனைத் தட்டுவேன். ஆசிக் தப்பு எண்ணுவான். இஸ்திரிக் கடை சரசா அக்கா துணி உலர்த்த மேலே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாமே பண்றீங்க? கொயம்பு வெக்கப் போறீங்களா, போனுக்கு ஊட்டப் போறீங்களா?"

"கம்ப்யூட்டர் வேலக்கா."

"நல்லா வந்துச்சி போ, ஒங்க வேல! நாத்தம் தாங்கல!"

முதல் நாள் பத்துக்கு நாலு தப்பு. முட்டி பெரியது, பக்கத்துப் பட்டன் மேலும் விழுந்தது. இடைவெளியைக் கூட்டினோம், எழுத்தை இன்னும் தடிப்பாக்கினோம். மூன்றாம் நாள் ஐம்பது தட்டில் ஒரு தப்பும் இல்லை. புக் செய்து பார்க்கச் சொல்லி சரசா அக்கா போனுக்கும் லிங்க் அனுப்பினேன். என் மூக்கு உரிந்திருந்தது. ஆசிக் கரிக்கட்டை.

வெள்ளிக்கிழமை. பெரிய கம்பெனிக்காரர் குடை பிடித்துக்கொண்டு, பளபளக்கும் டேப்லெட்டோடு நின்றார். "மேடம், ரெண்டு நிமிஷம் அந்த ஷெட்டுக்குள்ள வந்தீங்கன்னா..."

அக்கா என் பக்கம் கையை நீட்டினார். கையெல்லாம் செதில். போனைக் கொடுத்தேன்.

தராசில் இறால். "பதினெட்டு" என்றது ஒரு குரல். அக்கா முட்டியை மடக்கி இறால் படத்தைத் தட்டினார். பத்து. ஐந்து. ஒன்று, ஒன்று, ஒன்று. ஆறே தட்டு. அடுத்தது நண்டு, ஏழு கிலோ. கண்ணைச் சுருக்கவில்லை, இடத்தை விட்டு நகரவில்லை.

உடனே போன் டிங் என்றது. முதல் ஆர்டர். அக்கா உரக்கப் படித்தார்: "நண்டு ரெண்டு கிலோ. சரசா, காட்டுப்பாக்கம்."

ஆசிக் என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டான். "மாமே, நாத்தம் புடிக்காதவங்க ஆர்டர் போட்டுக்கிறாங்க!"

அக்கா குடைக்காரரிடம் திரும்பினார். "கோச்சிக்காத சார். இந்தப் பசங்களே செய்யட்டும்." பிறகு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "காட்டுப்பாக்கமா நீங்க? அங்க கடல் கீதா இன்னா?"

"இல்லக்கா" என்றேன். "மாடி கீது. வெயில் கீது."