உமைமாவின் வயிற்றுக்கு வந்த விருந்தாளிகள்

1

இந்தக் கதை எனக்கு ஆம்பூரில் ஒரு குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முகமூடி மாட்டிய ஒரு சிறுமி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, அவளுடைய கர்ப்பிணித் தாயும் அந்தத் தாயின் மாமியாரும் கத்தரிக்காயைப் பற்றிச் சண்டை போட்டார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டார்கள். எனக்கு அகப்பட்டது இரண்டு மூன்று வாக்கியங்கள்தான். மீதி என் சமையல். உப்புக் குறைந்தால் அவர்களைத் திட்டாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பாலாற்றில் தண்ணீர் வராத அந்த வருடத்தில் –"

வேண்டாம். அப்படிச் சொன்னால் எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது: "மனிதக் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் –"

இதை எழுதிவிட்டு நானே எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

மூன்றாவது: "உமைமா பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் சாப்பிட்டாள்."

இது நிற்கும். ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே வீட்டில் ஏதோ விபரீதம் என்று புரிந்துவிடும். (வெளியூர்க்காரர்களுக்கு: எண்ணெய்க் கத்தரிக்காய் இங்கே பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள மட்டுமே. அதைத் தனியாகச் சாப்பிடுவது, கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவன் செருப்பைப் பார்த்துவிட்டு வருவது போல.)

3

உமைமாவுக்கு ஆறாவது மாதம். மூத்தவள் ஜோயாவுக்குப் பனி இறங்கினால் மூச்சு இழுக்கும். ராத்திரிகளில் மகளின் விலா எலும்புகள் உள்வாங்குவதைப் பார்த்துப் பார்த்து, உமைமாவுக்கு இப்போது ஒரே வேண்டுதல்தான்: வயிற்றில் இருப்பது நன்றாக மூச்சு விட வேண்டும். அப்போதுதான் கர்ப்பிணிகளின் சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை கைபேசியில் வந்தது. அன்றுதான் பிரியாணியைத் தள்ளி வைத்தாள்; கணவன் தௌசீப்பிடம் கேழ்வரகு வாங்கி வரச் சொன்னாள். ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிப்பவன் அவன். அவனுக்குக் கேழ்வரகின் தரம் தெரியாததால் அம்மாவிடமே கேட்டுவிட்டான்.

மாமியார் பக்ருன்னிசா சமையலறை வாசலில் வந்து நின்றாள். (அந்த வீட்டில் பேச்சு உருதுவில் நடக்கும். சண்டை மட்டும் தமிழில். பக்கத்து வீட்டுக்கும் நியாயம் தெரிய வேண்டாமா?)

"சீரக சம்பா மூட்டையா கெடக்குது. கேழ்வரகு எதுக்கு? மருமகளுக்குச் சோறு போட வக்கில்லன்னு தெருவுல பேசவா?"

"நார்ச்சத்துக்கும்மா. அம்மாக்காரி அத ஜாஸ்தி சாப்பிட்டா கொழந்தைக்கு மூச்சு நல்லாருக்கும்னு போட்டிருக்காங்க."

"யாரு போட்டது?"

"ஆராய்ச்சி. எலிய வெச்சுப் பாத்திருக்காங்க."

"எலிக்கு எவன் பிரியாணி போட்டான்? போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசச் சொல்லு."

[எலி விஷயம் உண்மை. நமக்குச் செரிக்காத நாரைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் தின்று, ஒவ்வாமையைத் தணிக்கும் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. நார் அதிகம் தின்ற தாய் எலிகளின் குட்டிகளுக்கு நுரையீரல் அவ்வளவாகச் சீறவில்லை. எலிகள் இதைப் பற்றி என்ன நினைத்தன என்று யாரும் –]

பக்ருன்னிசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

"அப்போ ஜோயா வயித்துல இருந்தப்ப நான் ஆக்கிப் போட்டதுல தான் அவளுக்கு இழுப்பு வந்துச்சு. அதானே சொல்ற?"

உமைமா பதில் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எனக்கு மௌனம் பிடிக்கும். பிறகு கிழித்துப் போட்டேன். இது ஆழமான மௌனமெல்லாம் இல்லை. அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள், மாட்டிக்கொண்டாள்.)

3, மறுபடியும்

சண்டையை அங்கேயே விட்டால் கதை நகராது. பக்ருன்னிசாவைக் கொடுமைக்கார மாமியாராக்கிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோயாவின் மருந்து வேளையைக் கடிகாரம் பார்க்காமல் சொல்பவள் அவள். ஆகவே சமாதானத்தை உமைமாவே தொடங்கட்டும்.

"எனக்குக் கேக்கலம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு. மைதாவும் சக்கரையும் மேலயே கரைஞ்சுடுது. கீழ குடல்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேரல."

"எத்தினி பேரு?"

"கோடிக்கணக்குல."

பக்ருன்னிசாவின் கையில் கரண்டி நின்றது.

"நம்ம வூட்டுக்கு வந்தவங்க பட்டினியாவா கெடக்குறாங்க?"

அவ்வளவுதான். மறுநாள், கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் பிரியாணி அண்டாவான தேக்ஷா பரணிலிருந்து இறங்கியது. கேழ்வரகுக் களி, கொள்ளு, மொச்சை, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு. வெறும் கீரையை விருந்தாளிக்கு வைப்பது மரியாதை இல்லை என்று நடுவில் ஒரு நல்லி எலும்பு. அந்த வீட்டில் விருந்தாளி போதும் என்றால் அதற்கு இன்னும் இரண்டு கரண்டி என்று அர்த்தம்.

"போதும்மா."

"உன்னை யாரு கேட்டா? அவங்க கேக்குறாங்க, போடுறேன்."

4

ஏழாம் மாத விசேஷம். உறவுப் பெண்கள் ஆளுக்கொரு இனிப்போடு வந்து கர்ப்பிணியின் வாயில் ஊட்டுவார்கள். பக்ருன்னிசாவின் தங்கை அக்தர் பானு பிரெட் அல்வாவை உருட்டி நீட்டினாள். பக்ருன்னிசா குறுக்கே கையை வைத்தாள்.

"வேணாம். உள்ள இருக்கறவங்களுக்கு இது ஒத்துக்காது."

"இருக்கறவங்களா? இன்னா ஆபா, ரெட்டையா?"

"கோடி."

அக்தர் பானு அல்வாவைத் தன் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது உமைமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். "வலி" என்றாள். கூடம் முழுக்க எழுந்தது. ஆளுக்கொரு துஆ ஓத, ஆளுக்கொரு செருப்பு மாறியது. தௌசீப் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான்.

"டாக்டர், பொறந்துடுச்சா?"

"இல்லை. வாயு" என்றார் டாக்டரம்மா.

5

டாக்டரம்மா திட்டவில்லை. காயும் பருப்பும் தானியமும் நல்லதுதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். தேக்ஷாவைப் பற்றிக் கேள்விப்பட்டபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு இழுப்பு வராதுல்ல டாக்டர்?" உமைமா கேட்டாள்.

"எலியில நடந்ததெல்லாம் மனுஷங்ககிட்ட அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாதும்மா."

பக்ருன்னிசா முந்தானையைத் திருகினாள். "அப்போ மொதல் கொழந்தைக்கு வந்தது…"

"எத்தனையோ காரணம் இருக்கும். பரம்பரை, தூசி, புகை. ஒருத்தர் சமையலால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

மாமியார் முகத்தில் ரத்தம் திரும்பியது. மருமகள் முகத்திலிருந்து வடிந்தது.

6

முடிவுகள்.

(அ) குழந்தை சுகமாக மூச்சு விடுகிறது. உமைமா ஜெயிக்கிறாள். அதன்பின் ஒவ்வொரு பனிக்கும் ஜோயா இருமும்போது பக்ருன்னிசா குற்றவாளியாக அடுப்படியில் நிற்பாள்.

(ஆ) குழந்தைக்கும் இழுப்பு. பக்ருன்னிசாவுக்கு விடுதலை. உமைமாவுக்கு அத்தனை களியும் தொண்டையிலேயே நிற்கும்.

(இ) தௌசீப்புக்குத் துபாயில் வேலை கிடைத்து –

இல்லை. நான் ஓடப் பார்க்கிறேன்.

ஒரு சிசுவின் நெஞ்சை வைத்து இரண்டு பெண்களுக்கும் தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை.

7

ஆண் குழந்தை. அக்னி வெயில், மத்தியானம். ஜோயா கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"தம்பி மூச்சுல சத்தம் வருது!"

உமைமா குழந்தைக்கு ஒரு பக்கம் மண்டியிட்டாள், பக்ருன்னிசா மறுபக்கம்.

"ஃபேனை நிறுத்துடா, ஒண்ணும் கேக்கல" என்றாள் பக்ருன்னிசா. தௌசீப் நிறுத்தினான். ஆம்பூர் வெயில் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. இரண்டு பெண்களும் குனிந்தார்கள். நெற்றிகள் முட்டின. யாரும் நகரவில்லை. ஒருத்தியின் வேர்வை இன்னொருத்தியின் கையில் சொட்டியது.

"நீ சொல்லு" என்றாள் பக்ருன்னிசா.

"நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்குக் காது மந்தம். நீ சொல்லு."

"எனக்குப் பயமாருக்கு. நீங்களே சொல்லுங்க."

குழந்தையின் நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. நான் குனிந்தால் தீர்ப்பு எழுதிவிடுவேன். நீங்கள் வந்து கேட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கு இடம் இருக்கிறது. மெதுவாக. அவர்கள் இருவரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.