வலது கன்னம்

"தலையைத் திருப்பாதீங்கப்பா!"

ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த அப்பா மூக்கைச் சுளித்தார். மாதக்கணக்காகப் படுக்கை, வாய் மட்டும் இன்னும் படுக்கவில்லை. போன வாரம், மகள் வரைந்துகொண்டிருந்த தன் படத்தின் சாம்பல் பூச்சைப் பார்த்துவிட்டு, "என்ன, இப்பவே பொணமாக்கிட்டியா?" என்றார். பழைய பாணியில் முதலில் சாம்பலில் முகத்தை எழுப்பி, காய்ந்தபிறகுதான் தோலின் நிறத்தை ஏற்றவேண்டும் என்று மகள் விளக்கினாள். "நாப்பது வயசுல ஓவியக் கிளாஸு! எங்கடா போய் முட்டிக்கறது?" என்று அவள் தம்பியிடம் சிரித்தார். அவனும் சிரித்தான்.

இன்று நிறம் ஏற்றும் நாள். இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லாருக்கு' வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு.

இடது கன்னம் ஒழுங்காக வந்தது.

"தண்ணி குடும்மா."

"நான் பிரஷ்ஷைத் தொட்டாத்தான் உங்களுக்குத் தாகம் எடுக்கும். இந்தக் கன்னமும் முடியட்டும். அதுவரைக்கும் வாயை மூடிட்டு அசையாம இருங்க."

முக்காலியில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. அவருக்குக் கை எட்டாது. வாயை மூடிக்கொண்டார். அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வலது கன்னம் படுத்தியது. கலந்த நிறம் முகத்தோடு ஒட்டவே இல்லை, சிவப்பு தூக்கலாகத் தெரிந்தது. நினைப்பதை வரையாதே, தெரிவதை வரை என்று ஓவிய ஆசிரியை தலையில் குட்டாத குறையாகச் சொல்வாள். சிவப்பைக் குறைத்தாள். மஞ்சள் சேர்த்தாள். நிமிர்ந்து பார்த்தால் கன்னம் மறுபடி மாறியிருந்தது. வெளிச்சம் இறங்குகிறது போலிருக்கிறது என்று துளி பச்சையும் கொஞ்சம் சாம்பலும் தொட்டாள். அடடா, பிடிபட்டுவிட்டது! உதட்டுக்கும் அதையே இழுத்தாள். ஒருநாளும் அவளுக்கு நிறம் இத்தனை அச்சாக அமைந்ததில்லை.

"இப்பச் சொல்லுங்கப்பா, பாக்கலாம்!" என்று படத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவர் சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே வந்த தம்பிதான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா... அப்பா போயிட்டாருக்கா."

நல்ல போட்டோ ஒன்றும் கிடைக்காததால், சாயங்காலம் தலைமாட்டில் அந்தப் படத்தையே வைத்தார்கள். சித்தி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கன்னம் உயிரோட இருக்கு. அந்தப் பக்கம் ஏன்டா இப்படி?"

"அக்கா இப்பத்தானே கத்துக்கறா, சித்தி. கலர் சரியா வரலை."

சித்தி முக்காலியிலிருந்த டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே. இந்தா, தண்ணி குடி."

வாங்கிக்கொண்டாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் அந்தக் கன்னத்து நிறம் இன்னும் காயாமல் இருந்தது.