மூஞ்சிக்குத்தான் கரண்டு

லியனார்டின் முகத்தில் இடது பாதி ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. வலது பாதி வழக்கம்போல எழுந்து தேத்தண்ணி குடிக்க வாயைத் திறந்தது. குடித்தது அவ்வளவும் இடது பாதி வழியாகச் சட்டைக்குப் போனது. முதல்நாள் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் பட்டிப்பொல வரை போயிருந்தான். திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், அட்டன் வரைக்கும் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்திருந்தான். அந்தக் குளிர்காற்றின் வேலைதான் இது என்று முடிவு செய்தான்.

முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அம்மாவும் தம்பிமாரும் எழுபத்துநாலிலேயே கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள். குடியுரிமை பிரித்ததில் அவர்களுக்கு இந்தியா கிடைத்தது, லியனார்டுக்கு இலங்கை கிடைத்தது. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி குடும்பமே இருந்த ஒரு லயத்துக் காம்பராவை ஒரே ஆளுக்கு ஒதுக்கிக் கொடுத்த அதிசயம் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று அவன் சொல்லுவான். கேட்க யாராவது அகப்பட்டால் சொல்லுவான்.

வேலை, தேயிலை ஃபாக்டரியில் நார் பிடிக்கிற மெசினில். உருளைகள் கம்பளியில் உரசியபடி சுழலும். உரச உரச அவற்றில் ஒருவகை மின்சாரம் ஏறும். கீழே ஓடும் தூளிலிருந்து சிவந்த நார்கள் மட்டும் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும்; கறுத்த தூள் தன் பாட்டில் போய்விடும். ஏன் நார் மட்டும் எழுகிறது என்று ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கரிடம் ஒருமுறை கேட்டான். "அதுக்குக் கரண்டு புடிக்கும், தூளுக்குப் புடிக்காது" என்றார் அவர். எங்கள் தோட்டத்தில் விஞ்ஞானம் அதோடு முடிந்தது.

வட்டகொடை அந்தோனிமுத்துவின் மகள் ஐவியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். அதில் இரண்டு முடிந்திருந்தது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் நிறுத்தியபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. இன்னும் ஓர் ஓலைதான் பாக்கி. அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் அவன் பேசினால் பதில் வரும்.

தோட்டத்து மருந்துக்காரர், காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் கொடுக்கும் அதே ரோஸ் நிற மருந்தைக் கொடுத்தார். முகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நரம்பு தூங்குகிறது, கரண்டு வைத்து எழுப்ப வேண்டும் என்றார் அங்கே டாக்டர்.

கரண்டு அறையில் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். ஈரத்துணி சுற்றிய தகட்டை அவன் கன்னத்தில் வைத்துப் பெட்டியின் குமிழைத் திருப்பினார். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு, செத்துக் கிடந்த இடது புருவம் யாரையும் கேட்காமல் ஒருமுறை ஏறி இறங்கியது. "ரிதெனவத?" என்று கேட்டார். வலிக்கவில்லை என்று தலையாட்டினான். வலித்திருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பான். அம்மா கப்பலேறிய பிறகு அவன் கன்னத்தில் இன்னொருவர் கை பட்டது அன்றைக்குத்தான். வாரம் இரண்டு தரம் வரவேண்டும், நடுவில் விட்டால் இடது கண் மூடாமலே நின்றுவிடும் என்றார் மிஸ்ஸி. இரண்டு தரம் போதுமா என்று கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை.

லீவு கேட்ட இடத்தில்தான் காரியம் கெட்டது. ஃபாக்டரிச் சத்தத்தில் டீமேக்கரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "மூஞ்சிக்குக் கரண்டு வைக்கணுங்க" என்று கத்தினான். 'மூ' சொல்வதற்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். அவனுக்கு ஒட்டவில்லை, முதல் சொல் காற்றாகப் போனது. சரியாக அந்த நேரம் பார்த்து ஃபாக்டரிக்கு மின்சாரம் நின்றது. மெசின்கள் அத்தனையும் அடங்கின. மிச்சம் இருந்த "கரண்டு வைக்கணுங்க" மட்டும் சலிக்கிற அறையிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.

எங்கள் தோட்டத்தில் கரண்டு வைப்பதென்றால் ஒரே அர்த்தம்தான். கடைசி லயத்து ஆண்டியப்பனுக்கு ஒரு தடவை புத்தி பேதலித்தது. கொழும்புப் பக்கம் கொண்டுபோய்த் தலையில் கரண்டு வைத்தார்கள். அவர் முழுசாகக் குணமாகித் திரும்பி வந்தார். தோட்டம்தான் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் பேசுகிறவர்கள் செவிடரிடம் பேசுவதுபோல உரக்க, மெதுவாக, சிரித்துக்கொண்டே பேசிவிட்டுச் சீக்கிரம் போய்விடுவார்கள்.

சாயங்காலத்துக்குள் லியனார்டைப் பார்த்தும் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா, தன் வாசலில் எப்போதும் கிடக்கும், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"சாப்ட்டியா தம்பி?"

"சாப்ட்டேன்க்கா. எனக்கு மூஞ்சிக்குத்தான்க்கா வைக்கிறாங்க."

"ஆமா சாமி, ஆமா. மூஞ்சிக்குத்தான். நல்லா தூங்கு, என்ன?" என்று பின்பக்கமாகவே நடந்து போனாள்.

சிரிக்காமல் வந்தவர் ஆண்டியப்பன் ஒருவர்தான். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒனக்குமா?"

"எனக்கு மூஞ்சிலண்ணே."

"ஓ." கொஞ்சம் ஏமாந்துதான் போனார். "எனக்குத் தலையில. வச்சதும் ஞாபகமில்ல, அதுக்கு முந்தி நடந்ததும் ஞாபகமில்ல. தோட்டத்துத் தொரகூட சண்ட புடிச்சேனாம். நல்லா புடிச்சேனான்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்."

"நல்லாத்தாண்ணே புடிச்சீங்க. தொர தொப்பிய விட்டுட்டு ஓடுனாரு."

"அப்பிடியா," என்றார் ஆண்டியப்பன். வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

வட்டகொடைக்குச் செய்தி ரயிலுக்கு முந்திப் போய்விட்டது. அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்தோனிமுத்து நேரிலேயே வந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு வாசல்தான் காற்றோட்டமாக இருக்கிறது என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

"மாப்ள, கோணலப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. எங்க குடும்பத்துலயே கோணல் உண்டு. கரண்டுதான் இல்ல."

"தலைக்கில்ல மாமா. மூஞ்சிக்கு."

"மூஞ்சி எங்க இருக்கு மாப்ள? தலையிலதான இருக்கு?"

லியனார்டின் கை தலைக்குப் போய், அங்கிருந்து கன்னத்துக்கு இறங்கியது.

"நிப்பாட்டிருங்க. அடுத்த ஞாயித்துக்கெழமயே ஓல வாசிக்கச் சொல்றேன்."

"நிப்பாட்டுனா கண்ணு மூடாதாம் மாமா. தூங்குறப்பவும் தொறந்தே கெடக்குமாம்."

அந்தோனிமுத்து, தன் மகள் பக்கத்தில் அப்படி ஒரு கண் இரவெல்லாம் திறந்து கிடப்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். குடையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

"ஐவிகிட்ட கேட்டேன். தலைக்கா மூஞ்சிக்கான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நானே கண்ணால பாத்துட்டுச் சொல்றேங்குது. சரி, வந்து பாக்கட்டும். அது சரின்னா எனக்கும் சரி. வேணாம்னு சொல்லிருச்சுன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன் மாப்ள."

லியனார்டுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு வேறு இருக்க முடியாது. பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, ஒரு தகடு, ஒரு ஈரத்துணி, அவ்வளவுதானே. தவிர, ஆஸ்பத்திரிக்கு அவனோடு ஒருவர் கூட வருவது இதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரி நாளன்று அட்டனில் ஏறியவன் எதிர் இருக்கையில் துண்டைப் போட்டுவைத்தான். வட்டகொடையில் அப்பாவும் மகளும் ஏறினார்கள். ஐவிக்குக் கொழுந்து எடுக்கிற கை; மடியில் வைத்திருந்தபோதும் விரல்கள் சும்மா இருக்கவில்லை. நானுஓயா வரப்போகும் நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"வலிக்குமா?"

"இல்ல. எறும்பு மாதிரி இருக்கும்."

"எங்க மலையில எறும்பு கடிச்சா நாங்க கத்துவோம்."

அவன் சிரித்தான், இருக்கிற பாதியால். அவளும் சிரித்தாள், முழுசாக. அந்தோனிமுத்து மரியாதையாக வெளியே பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தோனிமுத்து நின்றுகொண்டார். தரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் கரண்டு பரவும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். ஐவி மட்டும் உள்ளே வந்து கதவருகே நின்றாள். வீட்டார் வந்திருப்பதைப் பார்த்து மிஸ்ஸிக்குச் சந்தோஷம். நல்ல முன்னேற்றம் இருப்பதை அந்தப் பிள்ளைக்கும் காட்டுவோம் என்று சிங்களத்தில் சொல்லிக் குமிழை அன்று கொஞ்சம் அதிகமாகவே திருப்பினார்.

முகம் வேலைக்கு வந்தது. ஒரேயடியாக வந்தது. இடது புருவம் கேள்வி கேட்டது. கன்னம் பல்லைக் காட்டி ஏளனம் செய்தது. மூக்கு ஓரம் எதையோ மோந்து அருவருத்தது. வாய்முனை காது வரை இழுபட்டு, விட்டு, மறுபடி இழுபட்டது. இத்தனைக்கும் நடுவில் லியனார்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல அடக்கமாக உட்கார்ந்திருந்தான். கடைசியில், இத்தனை நாளாக மூடாத இடது கண் மூடியது. மூடியது மட்டுமில்லை, கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சிமிட்டியது.

"பாத்தீங்களா, கண்ணு மூடிருச்சு," என்றான் வெளியே வந்ததும். 'மூ' சரியாக வந்தது.

ஐவி தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேங்க."

"பைத்தியத்துக்கு இல்லன்னு தெரிஞ்சிச்சுல்ல?"

"தெரிஞ்சிச்சு. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க." விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பைத்தியமா இருந்தாக்கூட பரவால்ல, கட்டிக்கிறேன்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். ஆனா நீங்க சும்மா இருந்தீங்க, ஒங்க மூஞ்சி மட்டும் வேற ஒரு ஆளு சொல்றதக் கேட்டு ஆடுச்சு. இனிமே நீங்க சிரிச்சா, யாரு சிரிக்கிறாங்கன்னு தேடுவேன். எனக்குப் பயமா இருக்குங்க."

"கொஞ்ச நாள்ல நிப்பாட்டிருவாங்க ஐவி."

"நிப்பாட்டிருவாங்க. நான் பாத்துட்டேனே."

அவள் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

திரும்புகிற ரயிலில் எதிர் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அப்பாவும் மகளும் அந்தப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார்கள். வட்டகொடையில் இறங்கும்போது அந்தோனிமுத்து அவன் தோளைத் தொட்டார்.

"ஒடம்பப் பாத்துக்குங்க தம்பி. நல்லாயிரும்."

தம்பி என்ற சொல் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். குடையை மறந்து இறங்கி, திரும்ப ஏறி எடுத்துக்கொண்டு போனார். ஐவி பிளாட்பாரத்தில் நின்று, ரயில் நகரும்வரை அவனையே பார்த்தாள். அவன் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டான்.

லயத்தில் ஆண்டியப்பன் காத்திருந்தார்.

"பாத்துச்சா?"

"பாத்துச்சுண்ணே."

"என் வீட்டுக்காரியும் பாத்தா. ஆஸ்பத்திரில கம்பி வழியா. அப்பறம் அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நல்லவதான்."

பக்கத்தில் பேச்சியம்மா அடுப்பு ஊதுகிற சத்தம் கேட்டது. இவர்கள் பக்கம் திரும்பிய கதவு மட்டும் சாத்தியிருந்தது.

"மறுபடி எப்ப போற?"

"வெள்ளிக்கெழம."

"நானும் வர்றேனே. எனக்கும் இங்க பெருசா ஒரு சோலியுமில்ல." என்றார் ஆண்டியப்பன். "ஆனா உள்ளுக்கு வர மாட்டேன், இப்பயே சொல்லிட்டேன்."

"வெளிய பெஞ்சு இருக்குண்ணே," என்றான் லியனார்ட்.