மேஸ்திரி மூடிய கை

1

நான்கு வருடங்களாக இந்தக் கதையை எழுதாமல் தட்டிக்கழித்து வந்தேன். வேலை இருந்தது, உடம்பு சரியில்லை, வீட்டில் வெள்ளையடித்தார்கள் என்று ஏதாவது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் தன் கையை மூடினாள். அந்தக் கை ஏன் மூடியது என்று எழுதத் தொடங்கினால், கதைக்குள் நானும் போக வேண்டிவரும். அதற்குத்தான் பயம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'பறவைகளின் குரலில் அந்தப் பண்ணை கண்விழித்தபோது—'

(அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பறவையைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே எங்களை எழுப்பியது, சமையல்கூடத்து வாசலில் தொங்கிய தகரத்தைக் கரண்டியால் அடிக்கும் சத்தம்.)

இரண்டாவது: 'இயற்கையோடு இயைந்து வாழ்வது என்றால் என்ன?'

(இதற்குப் பதில் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேனே.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊரைத் தாண்டி மண்சாலை முடிகிற இடத்தில் ஒன்பது பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் சேர்ந்து வாழ்ந்தார்கள். மண்ணால் கட்டிய வீடுகள், கூரையில் பிடித்த மழைநீர், வெயிலில் கிடைத்த அளவுக்கு மின்சாரம், கழிவை எருவாக்கும் கழிப்பறைகள், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. முக்கியமான முடிவு எதுவானாலும் ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து முழங்காலில் கையை வைப்பார்கள். விரித்த கை சம்மதம், மூடிய கை மறுப்பு. ஒரு கை மூடினாலும் அந்தக் காரியம் நடக்காது. புதிதாக வருகிறவர்கள் ஒரு வருடம் இருந்து பார்க்கலாம். அப்புறம் அவர்களுக்காகக் கைகள் விரிய வேண்டும்.

2

மேஸ்திரி அங்கே லட்சியத்தோடு வந்தவள் அல்ல, கூலிக்கு வந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு வருடங்கள் முன்பு தானியக்கிடங்குக்குச் சுவர் எழுப்ப மூன்று வாரத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவர் முடிந்தது, அவள் போகவில்லை. "பின்பக்கம் பூச்சு பாக்கி இருக்கு" என்றாளாம். பூச்சும் முடிந்தது. அப்போதும் போகவில்லை. அங்கிருந்த வீடுகளில் பாதி அவள் கை பட்டவை.

(அவளை 'அவள்' என்று எழுதுவதா 'அவர்' என்று எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று போட்டால் எட்டப் போய் நிற்கிறாள். அக்கா மன்னிக்கட்டும்.)

ஐம்பது வயது. ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தே சுவரின் கோணலைச் சொல்லிவிடுவாள். அப்புறம்தான் தூக்குக்குண்டை இறக்குவாள். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். மற்றவர்கள் மண்புழுவைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினாலும், கடைசியில் கையை விரித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போவாள். ஆடு வாங்குவதில் அவளுக்குத் துளிக்கூட இஷ்டமில்லை. அதற்கும் விரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கை ஒருமுறைகூட மூடியதில்லை.

3

அந்த வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓர் அலுவலகத்தில் பதினேழு வருடம் கட்டட வரைபடம் வரைந்தவர். அவர் வரைந்த எதிலும் அவர் கால் வைத்ததில்லை. பண்ணையில் அவர் கழிப்பறைகளைப் பிடித்துக்கொண்டார். மரத்தூள் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், வாளி எத்தனை நாளில் நிறையும் என்று தாள் தாளாக வரைந்தார். நாற்பத்திரண்டு வயது மனிதர் எருக்குழியைக் கிளறிக்கொண்டே வாய்விட்டுப் பாடுவதை அவர் மனைவி அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. "இன்னைக்கு எரு அறுபத்தஞ்சு டிகிரி! தொட்டுப் பாக்க வாங்களேன்" என்பார். யாரும் ரொட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். பழகிவிட்டது.

வருடம் முடிந்தது. ஞாயிறு காலை வட்டமாக உட்கார்ந்தார்கள். பண்ணையைத் தொடங்கிய டீச்சர் முதலில் தம்பதியைக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்" என்றார் கணவர். "சம்மதம்" என்றாள் மனைவி, கொஞ்சம் சத்தமாகவே.

எட்டுக் கைகள் விரிந்தன. மேஸ்திரியின் கை முழங்காலில் மூடிக் கிடந்தது. காய்ந்த மண் நகக்கண்ணில் வெளுத்திருந்தது.

"மேஸ்திரி, மறந்து மூடிட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்ல. மூடித்தான் வச்சிருக்கேன்."

"காரணம் சொல்லணும். அதுதான் முறை."

மேஸ்திரி சுவரைப் பார்த்தாள். அவள் எழுப்பிய சுவர். "இவரு ஆரம்பிச்ச வேலைய முடிக்கிறதில்ல. மூணாவது கழிப்பறைக்கு இன்னும் கதவு போடல."

"பலகை வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க, மேஸ்திரி?" வரைபடக்காரர் கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு எங்கே தவறியது என்று தேடுகிறவர் போலக் கேட்டார்.

அவள் மறுபடியும் சுவரைப் பார்த்தாள். கை விரியவில்லை.

4

அவள் ஏன் அப்படிச் செய்தாள்? ஒரு பாத்திரத்தை உருவாக்கினால் காரணமும் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பார்த்தேன்.

ஒன்று: வரைபடம் தெரிந்த ஆள் நிரந்தரமாக வந்துவிட்டால் தன் சொல் எடுபடாது என்று பயந்தாள். (அற்பம். பன்னிரண்டு வருடம் வாய் திறக்காதவளுக்குச் சொல் எடுபடுவது என்ன பெரிய விஷயம்?)

இரண்டு: 'அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் இப்படித்தான் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு ஒருநாள்—' (இல்லாத தம்பியைப் பிறக்க வைத்து, அடுத்த வரியிலேயே கொல்லப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.)

மூன்று: தண்ணீர் போதாது என்று கணக்குப் போட்டாள். (அந்த வருடம் நல்ல மழை.)

போதும். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்று பொய்களை எழுதிப் பார்த்தேன். அந்த வரைபடக்காரரின் மனைவி நான். கையை மூடச் சொல்லி அவளிடம் கேட்டதும் நான்தான்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு. இதை மேஸ்திரியின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். என் பக்கத்திலிருந்து சொன்னால் எனக்கே சலுகை காட்டிவிடுவேன்.

மேஸ்திரி பூச்சுக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள். புதியவள் குழியில் இறங்கி மண்ணும் வைக்கோலும் மிதித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் மிதிப்பாள். ஆனால் வந்த நாளிலிருந்து அவளிடம் ஏதோ ஒன்று மேஸ்திரிக்கு உறுத்தியது. எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். மாலைக் கூட்டத்தில் மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னால், தினமும் அழகாக ஏதாவது சொல்வாள். அழகாகச் சொல்கிறவர்களை மேஸ்திரி அவ்வளவாக நம்புவதில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கால நிறுத்தாத, இறுகிடும்."

"ஞாயித்துக்கிழமை நீங்க எங்கள வேண்டாம்னு சொல்லணும்."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தாள். "இங்க யாராவது உன்ன ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா. எல்லாரும் நல்லவங்க. அதான் கஷ்டமே. குறை சொல்ல ஒண்ணுமே இல்லாத எடத்துல என்னன்னு குறை சொல்றது? எனக்குத் தனியா இருக்கணும். ஒரு கதவ சாத்திட்டு, எதுக்குச் சாத்தினேன்னு யாரும் கேக்காம. நான் அழுதாக்கூட இங்க நாலு பேரு வந்து கூட உக்காந்துடுறாங்க."

"இத உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்றதுதானே?"

"அவர் பாடுறாருக்கா."

"என்னது?"

"எருக்குழியில பாடுறார். கல்யாணமாகி பதினாலு வருசத்துல நான் கேட்டதே இல்ல. நான் வேண்டாம்னு சொன்னா அடுத்த நிமிஷமே மூட்ட கட்டிடுவார். ஒரு வார்த்த கேக்க மாட்டார். ஆனா அப்புறம் பாட மாட்டார். அது என்னாலன்னு ஆயிடும்."

"என்னாலன்னு ஆகலாமா?"

புதியவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கால்கள் நிற்கவில்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணி வாளிய இப்படித் தள்ளு" என்றாள். சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை.

6

நகரத்துக்குத் திரும்பினோம். ஏழாவது மாடி. ஆசைப்பட்ட கதவு கிடைத்தது. சாத்திக்கொண்டு நிறைய எழுதினேன். அவர் திரும்பவும் வேலைக்குப் போனார்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் எல்லாவற்றையும் முடிக்க ஆரம்பித்தார். பிடிக்காத புத்தகத்தைக்கூடக் கடைசிப் பக்கம்வரை படித்தார். உடைந்த நாற்காலியைத் தூக்கிப் போடலாம் என்றால் கேட்காமல் விடிய விடிய ஒட்டினார். காய்ச்சலோடு அலுவலகம் போனார். 'பரவாயில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்றால், "நான் முடிக்கிற ஆள் இல்லன்னு ஒருத்தங்க சொல்லியிருக்காங்களே" என்று சிரிப்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். நான்கு வருடமாக.

ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் "சாப்பிட வாங்க" என்றுதான் வார்த்தை வெளியே வந்தது.

போன மாதம் மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவள் பண்ணையில் இல்லை. ஊருக்குள், யாரோ கட்டும் புது வீட்டின் குளியலறையில் மண்டியிட்டு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தாள். மண்வீடு கட்டியவள் கையில் சிமெண்டுப் பசை.

"வா, வா. அந்த ஓரமா நில்லு, மிதிச்சுடாத" என்றாள். நேற்றுப் பார்த்தவள் போல.

எல்லாம் சொன்னாள். எங்கள் விஷயத்துக்குப் பிறகு பண்ணையில் விதியை மாற்றிவிட்டார்களாம்: ஒரே ஒரு கை மூடினால் செல்லாது, குறைந்தது இரண்டு மூட வேண்டும். அதற்கும் அவளே கை விரித்தாளாம். மறு வருடம் மூன்று வீடுகளை வார விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் பேச்சு வந்தது. மேஸ்திரி கையை மூடினாள். அவள் ஒருத்திதான் மூடினாள். செல்லவில்லை. அதன் பிறகு பண்ணையை விட்டு வந்துவிட்டாளாம்.

"என்கிட்ட இருந்தது ஒரே ஒரு 'வேண்டாம்'. அத உனக்குக் குடுத்துட்டேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை. டைல்ஸைச் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே, ஒரு சாமான் எங்கே போனது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏன்க்கா செஞ்சீங்க?"

"நீ அழுதுக்கிட்டே மிதிச்ச. மண்ணு நல்லா வந்துச்சு." அடுத்த டைல்ஸுக்குப் பசை தடவிக்கொண்டே, "உனக்காக மட்டும்னு நெனச்சுக்காதம்மா. பன்னெண்டு வருசமா விரிச்ச கை. ஒரு தடவ மூடினா எப்படியிருக்கும்னு எனக்கும் இருந்துச்சு."

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மனுசன் மொகத்தப் பாக்குற வரைக்கும்."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா மொதல்ல அவருக்குக் குடு, அப்புறம் யாருக்கு வேணா குடு. அந்தக் கழிப்பறைக் கதவு விஷயம் பொய்யின்னு அவருக்குத் தெரியணும். நல்லா வேல செய்றவரு."

7

எனக்குத் தோன்றிய முடிவுகள்:

படித்துவிட்டுச் சிரிக்கிறார். (எனக்கு வசதியான முடிவு, அதனாலேயே நம்ப முடியவில்லை.)

படித்துவிட்டு ஒன்றும் பேசாமல், நான்கு வருடத்தில் முதன்முறையாக எதையோ பாதியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். (அழகாக இருக்கிறது. அழகாகச் சொல்கிறவர்களைப் பற்றி மேஸ்திரி என்ன நினைப்பாள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.)

பண்ணைக்குத் தனியாகத் திரும்பிப் போகிறார். இப்போதைய விதிப்படி ஒருவர் மட்டும் தடுக்க முடியாது. நான் தடுக்கப்போவதும் இல்லை என்று எழுதி, அது உண்மையா என்று தெரியாமல்—

8

இந்தப் பகுதியைத் தனித்தாளில் எழுதுகிறேன். மேலே உள்ள ஏழும் இப்போது அவர் கையில் இருக்கின்றன. சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்கிறார். நான் பக்கத்து அறையில். கதவைச் சாத்தவில்லை.

கழிப்பறை வருமிடத்தில் சிரித்தார். "அறுபத்தஞ்சு இல்ல, அறுபத்தெட்டு" என்று திருத்தினார். பிறகு பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று. நான்காம் பகுதி அந்தப் பக்கத்தின் அடியில் முடிகிறது. அதையும் திருப்பினார், அதற்கப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. ஐந்தாம் பகுதியை அவர் ஒரு தடவைக்கு மேல் படித்திருக்க வேண்டும்.

வாசகரே, இதற்குமேல் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் எந்த முடிவை வைத்தாலும் நான் மறுக்கப்போவதில்லை. எனக்குக் காது அந்தப் பக்கம் இருக்கிறது.

இப்போது கூப்பிடுகிறார்.

"மேஸ்திரி இப்ப எங்க இருக்காங்க?"

குரலில் கோபமா, வேறு ஏதாவதா, பிடிபடவில்லை. கேட்க எவ்வளவோ இருக்க, அதைத்தான் கேட்கிறார்.

"அடுத்த பக்கத்துல இருக்கு" என்கிறேன். "திருப்புங்க."

தாள் திரும்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.