இருபத்தொன்பது நாள் கைமணம்

மலாயாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அய்யூப் கடையில் சாப்பிட்டவர்களின் வலது கையில், பருப்பும் கறியும் சேர்த்துக் காய்ச்சிய தால்ச்சாவின் மணம் இருபத்தொன்பது நாள் நிற்கும். சோப்புப் போட்டாலும் போகாது, கித்தா என்கிற ரப்பர் பால் பட்டாலும் போகாது. முப்பதாம் நாள் காலையில் தானாகவே போய்விடும். பள்ளிவாசல் பக்கத்தில் அதைப் பிறைக் கணக்கு என்றார்கள். மாரியம்மன் கோவில் பக்கத்தில் அமாவாசைக் கணக்கு என்றார்கள். நாள் எண்ணிக்கை ஒத்துப்போனதால் சண்டை வரவில்லை. சில ஊர்களில் மழை அதிகம், சில ஊர்களில் கொசு அதிகம், பீடோங்கில் கை மணக்கும். ஊர் அதை அந்த அளவோடு வைத்திருந்தது. மற்ற இடங்களில் கைமணம் என்றால் சமைத்தவரைப் பற்றிய பேச்சு. இங்கே மட்டும் அது சாப்பிட்டவரைப் பற்றிய பேச்சாக இருந்தது.

அய்யூபுக்கு இதில் பெருமை ஒன்றும் கிடையாது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி பினாங்கில் இறங்கி, பல கடைகளில் பரோட்டா தட்டி, கடைசியில் பீடோங்கில் சொந்தக் கடை போட்ட மனிதர் அவர். எதிலும் குறை கண்டுபிடித்துக் கவலைப்படுவதில் கெட்டிக்காரர். கை கழுவும் இடம் சரியில்லாததால்தான் மணம் போகமாட்டேன் என்கிறது என்று அவருக்கு உள்ளூர வெட்கம். சோப்பை இரண்டு முறை மாற்றினார். தண்ணீரில் கோளாறோ என்று புதுக் கிணறுகூட வெட்டினார். சமைக்கிறவரின் மூக்கு சமையலுக்கு மரத்துப்போகும் என்பார்கள். அவருடைய மூக்கும் அப்படித்தான் இருந்தது. போதாததற்கு எல்லோரும் போனபின் அடுப்படியில் நின்றபடி, அகப்பையிலிருந்தே இரண்டு வாய் போட்டுக்கொள்வதுதான் அவருக்குச் சாப்பாடு. ஆகவே அந்த மணம் எப்படியிருக்கும் என்று ஊரிலேயே தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

அது அவசரகாலம். காட்டில் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. டின்னில் அடைத்த மீனை விற்றால் கடைக்காரர், நாள்பட வைத்துக்கொள்ள முடியாதபடி, அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சமைத்த சாப்பாடு கடை வாசலைத் தாண்டக் கூடாது. தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அதன் கேட்டில் முனியாண்டி என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நின்று, கித்தாப் பாலுக்காக மரப்பட்டையைச் சீவும் வேலைக்கு, அதாவது மரம் வெட்டப் போகிறவர்களின் மடியையும் வாளியையும் தடவிப் பார்ப்பான். விடியும் முன் வெறும் வயிற்றோடு போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்குத்தான் திரும்பி வந்து சாப்பிட முடியும். ஆனால் கையை யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை. காலை பத்து மணிக்குக் கித்தா மரத்தடியில் உட்கார்ந்து வலது கையை மூக்கருகே வைத்துக்கொண்டால் ஒரு தட்டுச் சோறும் ஆட்டுக்கறியும் தின்ற நிறைவு வரும், ஏப்பமும் வரும். மாதம் ஒருமுறை வரும் சம்பளத்து ஞாயிறு டவுனுக்கு வர முடியாத பிள்ளைகள் பொழுது சாயும் நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போகும். அந்த ஞாயிறு ஐந்து வாரம் தள்ளி வரும் மாதங்களில் மிஞ்சும் சில நாள் மட்டும் பசி பசியாகவே இருந்தது. மணம் சாப்பாட்டுக் கணக்கில் சேருமா என்று கேட்டுப் போலீஸ் அதிகாரி மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: மணம் பட்டியலில் இல்லை, இருந்தாலும் அதைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டாம்.

இப்படி இருக்கையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் எம்பரர் பன் கம்பெனி பீடோங்கில் கடை திறந்தது. கோலாலம்பூரில் மூன்று, ஈப்போவில் இரண்டு, ஜொகூரில் ஒன்று என்று கடை வைத்திருந்த கம்பெனி. அதுவரை வெளி மாநிலத்திலிருந்து பீடோங்குக்கு வந்தவை பட்டாளமும் புரளியும்தான். அந்தப் பட்டாளத்து லோரிகள் பெரிய ரோட்டில் போவதையும் வருவதையும் பார்த்துத்தான் கம்பெனியும் வந்தது. கண்ணாடி ஜன்னல், தலைக்கு மேலே சுழலும் காற்றாடி, ஓயாமல் பாடும் கிராமபோன், சிவப்புச் சாயம் போட்ட ஐஸ் தண்ணீர் எல்லாம் இருந்தன. போர்டில் ஒரு பன் கிரீடம் வைத்துக்கொண்டு சிரித்தது. தோட்டத்து ஜனங்கள் வாயில் எம்பரர், எம்பெருமான் ஆகிவிட்டது. எம்பெருமான் கடைக்குள் நுழையும்போது சில பெண்கள் செருப்பை வாசலிலேயே விட்டார்கள்.

அங்கே விற்ற பண்டம், பிளந்த பன்னுக்கு நடுவே தட்டையான இறைச்சி வைத்துக் காகிதத்தில் சுற்றியது. பெயர் ஹாம்பர்கர். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த துணிக்கடை பஷீர், ஹாம் என்றால் பன்றி என்று அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவித்தார். மானேஜராக வந்திருந்த பரஞ்சோதி பதறிப்போனார். கோலாலம்பூர்க்காரர், கிறிஸ்துவ வேதக்காரர், நல்ல மனிதர். ஓடிவந்து, பன்றி என்ற பேச்சே கிடையாது, சுத்தமான மாட்டிறைச்சி என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் அடுத்த பஸ்ஸிலேயே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே பிற்பகலில் இரண்டு பக்கத்து ஜனங்களையும் இழந்த வியாபாரி கெடாவில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தலைமைக் கடைக்குத் தந்தியடித்து ஆட்டிறைச்சிக்கு அனுமதி வாங்கினார். பெயிண்டரைக் கூப்பிட்டுப் போர்டில் ஹாம் என்ற எழுத்துகளை வெள்ளையடிக்கச் சொன்னார். மிஞ்சியது பர்கர். அதற்குப் பிறகு யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கம்பெனியின் பெருமையே நடந்துகொண்டு தின்னலாம் என்பதுதான். பீடோங்கில் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முனியாண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தினார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கிரீடம் அச்சடித்த காகிதப் பைகள் உபயோகமில்லாமல் குவிந்தன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. முதல் சம்பளத்து ஞாயிறன்று தோட்டத்து லோரியிலிருந்து இறங்கிய நூற்றுப்பதினெட்டுப் பேரும் நேரே எம்பெருமான் கடைக்குப் போனார்கள். அய்யூப் கடையில் அன்று சாப்பிட்டது ஒரு பூனை.

அய்யூப் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த சம்பளத்து ஞாயிறும் இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு ராமநாதபுரத்துக்கே கப்பல் ஏறுவது என்று முடிவு கட்டி, பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அவர் மனைவி கதீஜா கெடாவிலேயே, கோலா கெத்திலில் பிறந்தவள். கடலையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். பெட்டியை இறக்கிய நாளில் அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

"கப்பல்ல ஏறுனா பத்து நாள் வாந்தியாம்லா. நீங்க வேணா போங்க. நானும் என் வயித்துல உள்ளதும் இங்கதான் கிடப்போம்" என்றாள்.

அவளை விட்டு அய்யூபால் போகவும் முடியாது, வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. ஒரு வாரம் யோசித்து, தானும் நாகரிகமாவது என்று தீர்மானித்தார். பக்கத்து டவுன் சுங்கைப்பட்டாணிக்குப் போய் ஆறு டஜன் ஸ்பூனும் முள்கரண்டியும் வாங்கி வந்தார். இனி கடையில் யாரும் கையால் சாப்பிடக் கூடாது, எம்பெருமான் கடையைப் போலக் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். பஷீர் மாதிரி ஊருக்குள்ளேயே இருந்த நாலைந்து வாடிக்கையாளர்கள் முள்கரண்டியால் கறியைத் துரத்தித் துரத்திச் சாப்பிட்டுவிட்டு, மணமில்லாத கையோடு வீட்டுக்குப் போனார்கள். இருந்ததையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டது அய்யூபுக்குத் தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது கதீஜாதான். கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்த ஸ்பூன்கள் மணந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் காயவைத்தாள். பதினேழாம் நாளும் தால்ச்சா கொதிப்பதுபோல மணந்தன. ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து கணவன் மூக்கருகே நீட்டினாள். "ஜனங்க கைக்குப் போக வேண்டியது இதுல ஏறிக் கிடக்கு. அதுங்க கறிக்கா வந்துச்சுங்க? கையில வாங்கிட்டுப் போகல்ல வந்துச்சுங்க." மரத்த மூக்கில் ஒன்றும் ஏறாமல் அய்யூப் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மசக்கை இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

தோட்டத்திலோ அந்த மாதம் கைகள் வெறுமையாக இருந்தன. எம்பெருமான் கடை பன்னைக் காகிதத்தோடு பிடித்துத் தின்றதில் விரலில் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் அது கம்பெனி மணம், லோரி ஏறுவதற்குள் போய்விடுகிற ஜாதி. பத்து மணிக்கு மரத்தடியில் கையை முகர்ந்தவர்களுக்கு நார்த்தாங்காய்ச் சோப்பு வாசனைதான் வந்தது. ஏப்பம் வரவில்லை, கொட்டாவி வந்தது. இரண்டு பேர் வாளியோடு மயங்கி விழுந்தார்கள். பால் நிறை குறைந்தது. பொழுது சாய்ந்தால் லயம் முழுக்கப் பிள்ளைகள் சிணுங்கின. ராக்காயி என்ற மரம் வெட்டுகிறவளின் கடைசி மகள், அம்மாவின் கையை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று கேட்டாள். ராக்காயிக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் சம்பளத்து ஞாயிறு வந்தது. லோரி வந்து நின்றது. நூற்றுப்பதினெட்டுப் பேரும் இறங்கி நடு ரோட்டில் நின்றார்கள். இந்தப் பக்கம் கிராமபோன் பாடியது, காற்றாடி சுழன்றது. அந்தப் பக்கம் அய்யூப், மேஜை மேஜையாக ஸ்பூனை அடுக்கி வைத்துவிட்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டு நின்றார். ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தும் யாரும் நகரவில்லை. கடைசியில் ராக்காயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து அய்யூப் கடைக்குள் வந்தாள். உட்கார்ந்த உடனே ஸ்பூனையும் முள்கரண்டியையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இந்தக் கருமத்தை எடுங்க பாய். ஒரு மாசமா கை ஊமையாப் போச்சு. சோத்தப் போடுங்க, புள்ளைக்குக் கை கொண்டுபோவணும்."

அய்யூப் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பால்கறை பிடித்த, கத்தித் தழும்புள்ள கை. பதினோரு வருடமாகத் தான் என்ன விற்றுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி அடுப்படியைப் பார்த்தார். கதீஜா ஏற்கெனவே ஸ்பூன்களைத் தகரப் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி நிறைந்ததும் மூடி, காலால் பரணுக்கு அடியில் தள்ளினாள். அது பிறகு எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. அன்று நூற்றுப்பதினெட்டுப் பேரும் நான்கு பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பானை காலியானது, அண்டா காலியானது, கிணற்றில்கூடத் தண்ணீர் இறங்கியது. சாயங்காலம் தோட்டத்துக் கேட்டில் முனியாண்டி ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்து, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டான்.

எம்பெருமான் கடை உடனே மூடிவிடவில்லை. அப்படி யாரும் விரும்பவும் இல்லை. பட்டாளத்துக்காரர்கள் பன் தின்றார்கள், ஊர் ஐஸ் தண்ணீர் குடித்துக் கிராமபோன் கேட்டது. பரஞ்சோதியே ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்து, "பாய், எனக்கும் ஒரு தட்டு. கம்பெனிக்குத் தெரிய வேணாம்" என்றார். தெரிந்துவிட்டது. அவர் எழுதிய மாதாந்திரக் கடிதம் மணந்ததால், அந்த மணத்தை உடனே அனுப்பிவைக்கும்படி கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வந்தது. பாத்திரத்தில் எடுத்துச் செல்ல அனுமதியில்லை என்ற அலோர் ஸ்டார் கடிதத்தின் நகலை அவர் பதிலாக அனுப்பினார். நான்கு வருடம் கழித்துப் பட்டாளம் போனது, கம்பெனியும் போனது, பரஞ்சோதி மட்டும் பீடோங்கிலேயே தங்கிவிட்டார்.

நூற்றுப்பதினெட்டுப் பேரும் திரும்பி வந்த அந்த ஞாயிறு, பந்தி முடிந்தபின் கதீஜா கணவனை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்தாள். அண்டாவின் அடியில் மிஞ்சியதை வழித்துத் தட்டில் போட்டாள். அய்யூப் தன் கடையில் முதன்முதலாக உட்கார்ந்து, பிசைந்து, விரலை நக்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனார். தொழுகை முடிந்து துஆ கேட்க இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தியபோது, மரத்த மூக்கையும் மீறி வலது கையிலிருந்து அது வந்தது. பருப்பும், கறியும், புளியும், ஒரு சொட்டு நெய்யும். கேட்க வந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த பஷீர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார். அய்யூப் ஈரக் கண்ணோடு கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

முப்பதாம் நாள் காலையில் மணம் போயிருந்தது. மத்தியானம் மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்.