பதினாலாம் நம்பர் நூல்

ஜேனட் மேசைமேல் விரித்த பீடத்துணியில் மாதாவின் மேலாடை பாதிவரை கத்தரிப்பூ நிறத்தில் ஏறியிருந்தது. தையல் இழை பிசகாமல் இருந்தது. நிறம்தான் தப்பு. மாதாவின் மேலாடை நீலம் என்பது அம்மன் கோயிலுக்குப் போகிற விலாசினிக்கும் தெரியும்.

அமரவிளையில் வீட்டின் முன்னறைதான் விலாசினியின் கடை. எம்பிராய்டரி நூல், பாசிமணி, கட்டத்துணி, வளையச் சட்டம். பலகை வைக்கவில்லை, வாங்குகிறவர்கள் யாரும் தெருவழியே வருவதில்லை. தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில், நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அனில் அவளுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தான். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறிப் போய், வந்த ஆர்டர்களை அச்செடுத்து வந்து பார்சல் கட்டுவாள். அப்படித்தான் மஸ்கட்டிலிருந்து ரிஜோ என்பவன் கேட்ட நூல், பொழியூரில் இருக்கும் அவன் மனைவிக்குப் போயிற்று. கடல் கடந்து வந்த ஆர்டர், சேர வேண்டிய இடம் இரண்டு பஸ் தூரம். அன்று அதை நினைத்துச் சிரித்தாள். அந்த மனைவி இன்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"அவரு அனுப்பினதாச்சேண்ணு தச்சேன் அக்கா. சர்ச்சு சங்கத்துப் பெண்ணுவ, மாதாவுக்கு இப்பமே தவக்காலத்து வயலட்டு வந்தாச்சாண்ணு சிரிச்சாவ. போன்ல கேட்டா, நான் நீலமாக்கும் பாத்து எடுத்தேங்காரு. குடிச்சிட்டா பாத்தியண்ணு கேட்டுப்போட்டேன்."

"பொறவு?"

"போன வச்சாரு. பதினேழு நாளாச்சு. ஒரு விளி இல்ல." ஜேனட் துணியின் ஓரத்தை மடித்தாள். "நெசம் சொல்லுங்க. அவரு எந்த நம்பரு கேட்டாரு?"

விலாசினி ஆர்டர் தாளைத் தேடி எடுத்தாள். பதினாலு. நூல்கண்டின் சீட்டிலும் பதினாலு. தாளைக் காட்டினால் போதும், கடைமேல் குற்றமில்லை. பொய்யன் என்ற பெயர் ரிஜோவுக்குத்தான். ஆனால் இன்டர்நெட் பக்கத்துக்காக நூல்களைப் படமெடுத்த அன்று, "சேச்சி, வயலட்டு நீலமா விழுந்திருக்கு, மாத்தட்டா?" என்று அனில் கேட்டிருந்தான். பார்க்க நன்றாக இருக்கிறது, கிடக்கட்டும் என்றவள் அவள்தான். அதன்பின் அதிகம் போனது பதினாலாம் நம்பர். வாங்கியவர்கள் யாரும் குறைசொல்லி எழுதவில்லை. மறுபடி வாங்கவும் இல்லை.

தாளை நீட்டினாள்.

"நம்பரு இதாக்கும். ஆனா அவரு பாத்தது நீலம்தான், மக்கா. எனக்க படம் தப்பு. தெரிஞ்சே விட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"ம்."

விலாசினி நிஜமான நீலத்தில் ஆறு கண்டு எடுத்துத் துணியருகே வைத்தாள். மாதா திருநாளுக்கு எட்டு நாள் இருந்தது. "பிரிக்க நானும் கூடுதேன். ரெண்டு பேரு இருந்தா முடியும்" என்றாள். ஜேனட் நூலைத் தொடவில்லை.

"மொதல்ல அவரு பாத்தத எனக்குக் காணணும்."

சென்டரில் அனில் ஜேனட்டுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான். மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. பக்கம் மேலிருந்து துண்டு துண்டாக இறங்கத் தொடங்கியது. சிவப்புகள் வந்தன, பச்சைகள் வந்தன. பதினாலாம் கட்டத்தின் மேல்விளிம்பில் மெல்லிய நீலக் கீற்று ஒன்று தெரிந்தது.

"அனிலே, இந்தப் படத்த இப்பமே மாத்திரு" என்றாள் விலாசினி.

"நில்லுங்க" என்றாள் ஜேனட், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

அவள் மடியில் கத்தரிப்பூ நிறத் துணி கிடந்தது. திரையில் நீலம், ஒரு வரியின்கீழ் இன்னொரு வரியாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.